டாப் சர்ஜரிக்குப் பிறகு நெஞ்சில் உணர்வு இருக்குமா?

மார்பகத் திசுவை எடுத்து நெஞ்சைத் தட்டையாக்கும் டாப் சர்ஜரிக்குத் தயாராகும் திருநம்பி (பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்) ஒருவர், “அப்புறம் அங்க தொட்டா தெரியுமா அண்ணா?” என்று கேட்டால் தெரியும் என்றோ தெரியாது என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே பாதிப் பதில்தான். முதலில் கொஞ்ச காலத்துக்கு நெஞ்சின் பெரும்பகுதி மரத்துத்தான் இருக்கும், அது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பது. அதில் எவ்வளவு திரும்பி வரும், எந்த இடத்தில் வரும், எந்த மாதிரியான உணர்வாக வரும் என்பதெல்லாம் எந்த முறையில் அறுக்கிறார்கள், மார்பு எவ்வளவு பெரியது, நரம்பு எங்கே வெட்டுப்பட்டது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள் பலர் ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்த்துக் காசு சேர்த்து, பெங்களூருக்கோ சேலத்துக்கோ சென்னைக்கோ போய் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்கிறார்கள். டாக்டரைப் பார்க்கக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் செலவு எவ்வளவு, தழும்பு எப்படி இருக்கும், எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்பதைக் கேட்பதற்கே நேரம் போய்விடுகிறது. உணர்வைப் பற்றிக் கேட்பதற்குக் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். டாக்டரும் “எல்லாம் நார்மல் ஆகிடும்பா” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அது எனக்குப் பிடிக்காத பதில், ஏனென்றால் நார்மல் என்று அவர் எதைச் சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது.

சரி, முதலில் நரம்பு எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும்.

நெஞ்சுத் தோலுக்கு உணர்வு கொடுப்பவை பெரும்பாலும் விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்புகள். முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி, விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியே முன்பக்கம் வருகின்றன. வரும் வழியில் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு கிளை தோலை நோக்கி வெளியே வரும், நடு நெஞ்செலும்பை ஒட்டி இன்னொரு கிளை வரும். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது விலா நரம்புகளின் இந்தக் கிளைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து மார்புக்காம்பில் சேர்கின்றன. அதில் நான்காவதன் பக்கவாட்டுக் கிளைதான் காம்புக்கு முக்கியமானது. காறை எலும்புக்குக் கீழே இருக்கும் மேல் நெஞ்சுக்கு மட்டும் உணர்வு வேறு இடத்திலிருந்து வருகிறது, அது கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு.

இந்த விலா நரம்புக் கிளைகள் மார்புத் திசுவின் ஊடாகத்தான் தோலுக்குப் போகின்றன. அந்தத் திசுவைத்தான் எடுக்கப்போகிறார்கள். அதனால் டாக்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் கொஞ்சம் நரம்பு வெட்டுப்படாமல் இந்த அறுவை சிகிச்சை கிடையாது. மேல் நெஞ்சு தப்பிவிடும், தழும்புக்குக் கீழே வயிற்றை நோக்கிய தோலும் பெரும்பாலும் தப்பிவிடும். நடுவில் இருக்கும் பட்டைதான், குறிப்பாகத் தழும்புக்குச் சற்று மேலே இருக்கும் தோலும் காம்பும், அதிகமாக அடிவாங்கும். பக்கவாட்டில் அக்குள்வரை போய்க் கொழுப்பை உறிஞ்சி எடுத்திருந்தால் மேற்கையின் உட்பக்கம்கூடச் சிலருக்கு மரக்கும். அங்கே போகும் நரம்பும் அக்குள் வழியாகத்தான் போகிறது. கையில் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருக்காது, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

இப்போது முறைகள். நம் ஊரில் அதிகம் பேர் செய்துகொள்வது டபுள் இன்சிஷன். மார்பு நடுத்தரமாகவோ பெரிதாகவோ இருந்தால், அல்லது வருடக்கணக்காக பைண்டர் (மார்பை இறுக்கி அமுக்கும் உள்ளாடை) போட்டுத் தோல் தளர்ந்திருந்தால், டாக்டர்கள் இதைத்தான் சொல்வார்கள். நெஞ்சுத் தசையின் கீழ் விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் நீளமாக வெட்டி, திசுவையும் மிச்சத் தோலையும் எடுத்துவிட்டு, காம்பைத் தனியாகக் கழற்றி, சிறிதாக்கி, மெலிதாக்கி, ஆணின் நெஞ்சில் எங்கே இருக்குமோ அந்த இடத்தில் தோல் ஒட்டாக வைத்துத் தைப்பார்கள். நெஞ்சு தட்டையாக, அழகாக வரும். அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், காம்புக்கு வரும் நரம்பு, ரத்தக்குழாய் எல்லாமே முழுசாக அறுபடுகிறது.

போச்சம்பள்ளி, சந்தூர்ப் பக்கம் மாங்கன்று ஒட்டுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒட்டு சட்டென்று பிடிபடும். வேறு இடத்திலிருந்து வெட்டி வந்த குச்சி, புது இடத்தோடு சாறு சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். காம்பும் அப்படித்தான், முதல் இரண்டு நாள் அடியில் இருக்கும் காயத்தின் ஈரத்தை உறிஞ்சியே உயிரோடு இருக்கும், அப்புறம் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று சேரும், ஒரு வாரத்தில் ஒட்டு பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் மாங்கன்றுக்குச் சாறு சேர்ந்தால் போதும், காம்புக்கு அதற்கு மேல் நரம்பும் வந்து சேர வேண்டும். ஒட்டு பிடித்துவிட்டது என்று டாக்டர் சொல்வது ரத்த ஓட்டத்தைப் பற்றித்தான், உணர்வைப் பற்றி அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல், கட்டுப் பிரித்த அன்றே தொட்டுப் பார்த்து ஒன்றும் தெரியவில்லையே என்று உடைந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தெரியாது. அடியிலிருந்தும் ஓரத்துத் தோலிலிருந்தும் நுண்ணிய நரம்பு இழைகள் ஒட்டுக்குள் மெல்ல ஏற வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும்.

மார்பு சின்னதாகவும் தோல் இறுக்கமாகவும் இருப்பவர்களுக்குக் கீஹோல் (சின்ன வெட்டு வழியாகவே திசுவை எடுப்பது), அல்லது காம்பின் கருவட்டத்தைச் சுற்றி வெட்டும் முறை. இதில் காம்பு உடம்பை விட்டுக் கழலுவதில்லை, ஆகவே உணர்வு தங்கும் வாய்ப்பு கூடுதல். வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. உள்ளே திசுவைச் சுரண்டி எடுக்கும்போது கீழிருந்து வரும் கிளைகள் போய்விடலாம். இதற்கு இடையில் இன்னொரு முறையும் உண்டு. காம்பை அதன் அடித்திசுவோடு ஒரு தண்டுபோல வைத்துக்கொண்டு, புது இடத்தில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவருவார்கள். நரம்பு ஓரளவு மிஞ்சும், ஆனால் அந்தத் தண்டுக்காகக் கொஞ்சம் திசுவை விட்டுவைப்பதால் நெஞ்சு முழுத் தட்டையாக வராமல் லேசாகப் புடைத்துத் தெரியலாம். தட்டையான நெஞ்சும் காம்பின் உணர்வும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்கின்றன. இரண்டில் எது எனக்கு முக்கியம் என்று அறுவைக்கு முன்னாலேயே மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். காம்பே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு, பின்னால் பச்சை குத்தி வரைந்துகொள்கிறார்கள், அதுவும் நல்ல முடிவுதான்.

அடுத்தது, உணர்வு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் பல. லேசான தொடுதல், அழுத்தம், சூடு, குளிர், வலி, காமக் கிளர்ச்சி. ஒவ்வொன்றையும் வேறு வேறு வகை நரம்பு இழைகள் சுமக்கின்றன, ஒன்று வந்து மற்றது வராமல் போகலாம்.

ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அருவியில் நிற்பது நம்மில் பாதிப்பேரின் கனவு. டபுள் இன்சிஷன் செய்து ஒரு வருடம் ஆன ஒருவர் அங்கே போனால் என்ன தெரியும்? மசாஜ்காரர் உள்ளங்கையால் அழுத்துவது நன்றாகவே தெரியும், ஏனென்றால் தோலுக்கு அடியில் இருக்கும் தசையும் விலா எலும்பும் அப்படியே இருக்கின்றன, அழுத்தத்தை அவையும் உணரும். எண்ணெய் வழுக்கிக்கொண்டு போவது மேல் நெஞ்சில் தெரியும், தழும்பின் பக்கம் வரும்போது பாதியில் காணாமல் போகும். அருவித் தண்ணீர் விழும் கனம் தெரியும், சிலுசிலுப்பு சில இடங்களில் மட்டும் தெரியும். தொட்டால் தெரிகிறதா என்று கேட்டால் அவர் தெரிகிறது என்றுதான் சொல்வார், அவர் சொல்வது பொய்யும் இல்லை.

காமக் கிளர்ச்சியைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். காம்பைக் கழற்றி ஒட்டும் முறையில், தொடு உணர்வு ஓரளவு திரும்புவது சகஜம், கிளர்ச்சி தரும் அந்தப் பழைய உணர்வு பெரும்பாலானவர்களுக்குத் திரும்புவதில்லை. குளிரில் காம்பு விறைப்பதும் பெரும்பாலும் போய்விடும் அல்லது குறைந்துவிடும். இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது ஆளைப் பொறுத்தது. குளிக்கும்போதுகூட நெஞ்சைக் குனிந்து பார்க்காமல், துணையைக்கூடத் தொடவிடாமல் வாழ்ந்தவர்களுக்கு அங்கே இழக்க ஒன்றும் இல்லை. நானும் டபுள் இன்சிஷன்காரன்தான், எனக்கு அப்படித்தான் இருந்தது. மரத்த நெஞ்சாக இருந்தாலும் இது என் நெஞ்சு என்று தோன்றுவதே ஒரு புது உணர்வு. ஆனால் மார்பு பிடிக்கவில்லை, காம்பில் வரும் சுகம் பிடிக்கும் என்று சொல்லும் திருநம்பிகளும் நிறைய. அப்படிச் சொன்னால் நீ உண்மையான ஆண் இல்லை என்று நம் ஆட்களே கிண்டல் செய்வதைக் கேட்டிருக்கிறேன், அது அபத்தம். உங்களுக்கு அது முக்கியம் என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதை வைத்து முறையே மாறலாம்.

எவ்வளவு நாளாகும்? 1943-ல் ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நரம்புக் காயங்களை மூன்று தரமாகப் பிரித்தார், இன்றும் அதைத்தான் அடிப்படையாக வைத்துப் பேசுகிறார்கள். நரம்பு வெறுமனே நசுங்கியோ இழுபட்டோ இருந்தால் சில வாரத்தில், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதத்தில் தானே தெளியும். உள்ளே இழை அறுந்து மேலுறை மட்டும் மிச்சமிருந்தால் அந்த உறை வழியாகவே இழை மறுபடி வளரும். முழுசாக வெட்டுப்பட்டிருந்தால் வழி தெரியாமல் தடுமாறித்தான் வளரும், சில சமயம் போய்ச் சேரவே சேராது. டாப் சர்ஜரியில் மூன்றும் ஒரே நெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கிறது. அதனால்தான் ஒரு இடம் முதல் மாதமே விழித்துக்கொள்ளும், அதற்கு இரண்டு விரல் தள்ளி இருக்கும் இடம் வருடக்கணக்கில் தூங்கும்.

நரம்பு வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். விலாப்பக்கத்தில் அறுபட்ட முனையிலிருந்து காம்பு வரை 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வழியில் தடையே இல்லாவிட்டாலும் 100 நாள், வளரத் தொடங்குவதற்கு முன் எடுக்கும் சில வாரங்கள் தனி. வழியில் தழும்புத் திசு குறுக்கே நிற்பதால் இன்னும் இழுக்கும். பெரும்பாலான முன்னேற்றம் முதல் ஒரு வருடத்துக்குள் தெரியும், இரண்டு வருடம் வரை சின்னச் சின்ன மாற்றங்கள் வரலாம். அதற்குப் பிறகும் மரத்திருக்கும் இடம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும்.

நரம்பு வளரும்போது சும்மா வளராது. சுருக்கென்று ஊசி குத்தும், கரண்ட் ஷாக் மாதிரி வெட்டும், எறும்பு ஊர்வதுபோல இருக்கும், உள்ளே எங்கேயோ அரிக்கும், சொறிந்தால் தோலுக்குத் தெரியாது, அந்த அரிப்பு படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. பெரும்பாலும் இவையெல்லாம் நல்ல சகுனம். விரலால் லேசாகத் தட்டினால் அந்த இடத்திலிருந்து விறுவிறுப்பு பரவுகிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள், 1915-ல் இதை எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டினெல் பெயரில் அந்தச் சோதனை இருக்கிறது. மாதம் போகப் போக விறுவிறுப்பு தொடங்கும் இடம் காம்பை நோக்கி நகர்ந்தால் நரம்பு முன்னேறுகிறது என்று அர்த்தம். மாறாக ஒரே புள்ளியில் தொட்டாலே உயிர் போகிற வலி, மாதக்கணக்கில் நகராமல் அங்கேயே இருந்தால் வெட்டுப்பட்ட நரம்பு முனை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். தொட்ட இடம் ஒன்று, தெரிகிற இடம் இன்னொன்று என்பதும் சிலருக்கு நடக்கும். இழைகள் வழி மாறிப் போய்ச் சேர்ந்ததால் மூளைக்கு வரும் குழப்பம் அது.

தானாக மெடிக்கலில் போய் நரம்பு மாத்திரை வாங்கிப் போடுவது நம் பக்கத்துப் பழக்கம். உடம்பில் பி12 குறைவு இருந்தால் அந்த மாத்திரைகள் உதவும். குறைவு இல்லாதவருக்கு, வெட்டுப்பட்ட நரம்பை அவை வேகமாக வளர்த்துவிடும் என்று நம்பிக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. அதைவிட, பீடி சிகரெட்டையும் வாயில் அடக்கும் புகையிலையையும் அறுவைக்குச் சில வாரம் முன்பிருந்தே நிறுத்துவது பெரிய உதவி. நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஒட்டிய காம்பு கருகிப்போனால் உணர்வைப் பற்றிப் பேச அங்கே ஒன்றும் மிஞ்சாது. சர்க்கரை இருப்பவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் மேசையில் ஏற வேண்டும்.

காயம் நன்றாக மூடி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, பஞ்சு, பருத்தித் துணி, டவல் என்று வேறு வேறு பொருளால் நெஞ்சைத் தடவிப் பழக்குவது நல்லது. கண்ணால் பார்த்துக்கொண்டே தடவுங்கள், அப்புறம் கண்ணை மூடித் தடவுங்கள். இதனால் நரம்பு வேகமாக வளரும் என்று சொல்ல மாட்டேன். வந்து சேரும் அரைகுறைச் செய்தியைப் படிக்க மூளைக்குப் பழக்கமாகும், சட்டை உரசினாலே எரிகிற மாதிரி இருப்பவர்களுக்கு அந்த எரிச்சல் அடங்கும்.

எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்க மருத்துவத்தில் நைலான் இழைகளைப் பயன்படுத்துகிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் ஒரு நைலான் நூலைக் குத்தி, தெரிகிறதா என்று கேட்பார்களே, அதே இழைதான். பாதத்துக்கு 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை, நெஞ்சுக்கு அதைவிட மெல்லியவற்றிலிருந்து தொடங்குவார்கள். வீட்டிலேயே வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரைப் பஞ்சால் தொடச் சொல்லி, தெரிந்த இடம் தெரியாத இடம் என்று ஒரு தாளில் நெஞ்சு வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் கவலைதான் வளரும்.

மரத்த தோலில் இருக்கும் நிஜமான ஆபத்து சூடு. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வலிக்கிறது என்று வெந்நீர்ப் பையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனால் தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஓசூர்க் குளிரில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்காருவதும் அப்படியே. ஐஸ் பையும் இதே கதைதான், டாக்டர் சொல்லாமல் வைக்காதீர்கள், வைத்தாலும் துணி சுற்றி, நேரம் பார்த்து வையுங்கள். மாந்தோப்பில் சட்டையில்லாமல் வேலை செய்கிறவர் செவ்வெறும்பு கடித்ததையும் முள் கிழித்ததையும் உணராமல் போகலாம், வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுத்துவிடும், அது உணர்வு சார்ந்த விஷயம் இல்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். அறுவை முடிந்த முதல் நாட்களில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகினால், மரத்திருப்பதால் பெரிதாக வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். காய்ச்சல், சீழ், காம்பு முழுசாகக் கறுத்துப்போவது இவையும் அப்படியே, பக்கத்து அரசு மருத்துவமனைக்காவது உடனே போங்கள்.

புதிதாக ஒரு வழியும் வந்திருக்கிறது. வெட்டப்படும் விலா நரம்புக் கிளைகளை முடிந்தவரை நீளமாகப் பிழைக்க வைத்து, ஒட்டப்போகும் காம்பின் அடியில் கொண்டுவந்து சேர்ப்பது, நீளம் போதாவிட்டால் தானமாகக் கிடைத்துப் பதப்படுத்திய நரம்புத் துண்டை இடையில் வைத்துத் தைப்பது. அமெரிக்காவில் சில அறுவை மருத்துவர்கள் 2020-களில் டபுள் இன்சிஷனோடு சேர்த்து இதைச் செய்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள், தொடு உணர்வு நன்றாகத் திரும்புகிறது என்கிறார்கள். நுண்ணோக்கி வைத்துச் செய்யும் வேலை, கூடுதல் நேரம், கூடுதல் செலவு. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, இல்லை என்றாலும் அதற்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

டாக்டரிடம் போகும்போது கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், போன் நோட்டில் இருந்தாலும் சரி. என் மார்புக்கு எந்த முறை, அதில் காம்பு கழலுமா கழலாதா, நீங்கள் செய்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்துத் தொடு உணர்வு எப்படி இருக்கிறது, காம்பின் சுகம் எனக்கு முக்கியம் என்றால் வேறு வழி உண்டா, வலி தங்கிவிட்டால் யாரிடம் வர வேண்டும். இப்படிப் பிரித்துக் கேட்டால் “நார்மல் ஆகிடும்” என்று தப்பிக்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த முறையில் செய்தார்கள், காம்பு ஒட்டா இல்லையா என்பதைச் சம்மரியில் தெளிவாக எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பாலக்கோட்டிலோ அரூரிலோ பிற்பாடு உங்களைப் பார்க்கும் டாக்டர் இந்த அறுவையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார், நெஞ்சில் அழுத்தி “இங்க வலிக்குதா?” என்று அவர் கேட்கும்போது வலிக்கவில்லை என்ற உங்கள் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அந்தத் தாளைப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.